கிணறும் கல்தேரும்

சென்னை மயிலாப்பூரில் முண்டகக்கண்ணி அம்மன் கோயிலுக்கு அருகே, கபாலீசுவரர் சன்னிதியின் நெரிசலிலிருந்து சற்று விலகி, திருவள்ளுவருக்கென்று ஒரு கோயில் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது என்று கருதப்படுவதும் 1970களில் பெருமளவு திருத்திக் கட்டப்பட்டதுமான இக்கோயிலில் வள்ளுவர் மூலவராக அமர்ந்திருக்க, அவர் மனைவி வாசுகிக்குத் தனிச் சன்னிதி அமைந்துள்ளது. வளாகத்து இலுப்பை மரத்தடியில்தான் அவர் பிறந்தார் என்பது மயிலை மரபு. வைகாசி அனுஷத்தை அவர் பிறந்த நாளாகவும் மாசி உத்திரத்தை அவர் மறைந்த நாளாகவும் கொண்டாடும் வழக்கமும் இம்மரபைச் சேர்ந்ததே. அவர் ஆதிக்கும் பகவனுக்கும் பிறந்தவர், தறி நெய்து பிழைத்தவர், ஏலேலசிங்கன் என்ற கப்பல் வணிகரின் நண்பர், அவர் அழைத்த குரல் கேட்டு வாசுகி கிணற்றுக் கயிற்றை அப்படியே விட்டுவிட்டு வர, குடம் பாதிக் கிணற்றில் அந்தரத்தில் நின்றது என்றெல்லாம் வழங்கும் கதைகளை வரலாற்றாசிரியர் சான்றாகக் கொள்ள முடியாது. திருக்குறளுக்குள் ஆசிரியரின் பெயரோ ஊரோ எங்கும் இல்லை. ஆயினும் ஓர் ஊர் தன் அறிஞரை எந்தக் கோலத்தில் நினைவில் வைத்துக்கொண்டது என்பதற்கு இக்கதைகளைவிட நல்ல சான்று கிடைக்காது. மயிலை அவரைத் துறவியாகவோ அமைச்சராகவோ நினைக்கவில்லை. தறியும் கிணறும் மனைவியும் உடைய அடுத்த வீட்டுக்காரராக நினைத்தது.

கடந்த இருநூறு ஆண்டுகளில் சென்னையை ஆண்ட ஒவ்வோர் அரசும் இந்த அடுத்த வீட்டுக்காரரைத் தன் அலுவலகத்துக்கு அழைத்துச் சென்றிருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கலெக்டர் தொடங்கி திராவிட இயக்க முதலமைச்சர்கள் வரை அவரை மேற்கோள் காட்டாதவர் அரிது. ஆனால் ஒவ்வொருவரும் நூலின் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு இன்னொரு பகுதியைக் கண்டும் காணாமலும் விட்டனர். எதை விட்டனர் என்பதில்தான் அந்தந்தக் காலத்தின் ஆட்சியைப் பற்றிய எண்ணம் துலங்குகிறது.

133 அதிகாரங்களும் 1330 குறட்பாக்களும் கொண்ட இந்நூலில் அறத்துப்பாலுக்கு 38, பொருட்பாலுக்கு 70, காமத்துப்பாலுக்கு 25 அதிகாரங்கள் அமைந்துள்ளன. பொருட்பால் என்பது பெயரளவில் செல்வத்தைக் குறித்தாலும், அரசன், அமைச்சு, நாடு, அரண், படை, நட்பு, குடி என்று விரியும் ஆட்சிநூலே அது. காமத்துப்பால் அல்லது இன்பத்துப்பால் என்பது ஆணும் பெண்ணும் கூடுவதையும் பிரிவதையும் ஊடுவதையும் பாடும் பகுதி. பின்வந்த வாசகர்கள் இம்மூன்றையும் மூன்று தனி நூல்கள் போலப் பிரித்துப் படித்தாலும், நூலுக்குள் ஓடும் இழை அப்படி அறுபடவில்லை. அந்த இழையைக் காண மிகவும் வசதியான இடம், உரையாசிரியர் பரிமேலழகர் புதல்வரைப் பெறுதல் என்றும் பிறர் மக்கட்பேறு என்றும் பெயரிடும் ஏழாம் அதிகாரம்.

பத்துக் குறட்பாக்கள் உள்ள அந்த அதிகாரத்தின் ஒரு பகுதி தூய இன்பத்தைப் பற்றியது. பிள்ளையின் பிஞ்சுக் கை துழாவிய சோறு அமிழ்தைக் காட்டிலும் இனிப்பது, அதன் உடலைத் தொடுவது பெற்றவர் உடலுக்குச் சுகமாவது, அதன் மழலையைக் கேளாதவர்தாம் குழலிலும் யாழிலும் இனிமை தேடுவது என்று சொல்லிக்கொண்டு வரும் ஆசிரியர், திடீரென்று தந்தையின் கடமைக்குத் தாவி, மகனை அவையில் முன் வரிசையில் இருக்கும்படி ஆக்குவதே அவன் செய்யத்தக்க நன்மை என்கிறார். அவை என்பதைக் கற்றோர் கூட்டம் என்று பரிமேலழகர் விளக்குகிறார். பழந்தமிழ் வழக்கில் வழக்குத் தீர்ப்பதும் ஊர்க் காரியம் பேசுவதும் நடந்த மன்றத்துக்கும் அச்சொல் உரியது. தந்தை மகனுக்குச் சேர்த்துவைக்கும் வயலோ பொன்னோ இங்கே பேச்சில் இல்லை. அடுத்த குறளில் கருத்து இன்னும் விரிந்து, தம்மைவிடத் தம் மக்கள் அறிவிற் சிறந்திருப்பது பெற்றவரைக் காட்டிலும் உலகத்து உயிர்களுக்கெல்லாம் இனியது என்று முடிகிறது. வீட்டுக்குள் சோற்றுத் தட்டில் தொடங்கிய இன்பம் இரண்டு மூன்று அடிகளில் நாட்டின் இன்பமாகி விடுகிறது. இடையில் இருக்கும் படி, அவை.

இவ்வளவு நுட்பமாகத் தந்தையைப் பாடிய ஆசிரியர் அரசனைத் தந்தை என்று சொல்லவில்லை என்பது கவனிக்கத்தக்கது. ஒடிசாவின் தௌலியில் உள்ள கல்வெட்டில் மனிதர் யாவரும் தன் பிள்ளைகளே என்று அசோகர் அறிவித்தார். உலகெங்கும் பேரரசர்கள் விரும்பிப் பூண்ட வேடம் அது. குறளின் செங்கோன்மை அதிகாரத்தில் அரசனுக்குக் கிடைக்கும் உவமை மழையும், பயிரைக் காக்கக் களை பறிக்கும் உழவனும். கொடுங்கோன்மை அதிகாரத்திலோ அவன் வேலோடு வழிமறிக்கும் கொள்ளைக்காரன், துன்புற்றவரின் கண்ணீர் அவன் செல்வத்தைத் தேய்க்கும் படை. பிள்ளை தந்தையைக் கேள்வி கேட்க இயலாது. குடிமக்கள் கண்ணீராலேனும் அரசனுக்குக் கணக்குத் தீர்ப்பார்கள் என்ற எண்ணம் இந்த உவமைத் தேர்வுக்குப் பின்னால் இருந்திருக்கக்கூடும்.

ஐரோப்பிய ஆட்சியாளருள் இந்நூலை வெறும் படிப்பாக நிறுத்திவிடாமல் நிர்வாகத்துக்குள் கொண்டுவந்தவர் பிரான்சிஸ் வைட் எல்லிஸ். 1777இல் பிறந்து, 1810 முதல் 1819இல் இறக்கும் வரை சென்னையின் கலெக்டராக இருந்த அவர், கம்பெனி அதிகாரிகளுக்குத் தென்னாட்டு மொழிகளைக் கற்பிக்க 1812இல் செயிண்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி அமையக் காரணமானவர்; தமிழ், தெலுங்கு, கன்னடம் முதலியவை வடமொழியிலிருந்து பிறந்தவையல்ல, தமக்குள் ஒரு குடும்பம் என்ற கருத்தை 1816இல், கால்டுவெல்லுக்கு நாற்பது ஆண்டுகள் முன்னரே, அச்சில் வைத்தவர். நாணயச் சாலைப் பொறுப்பும் அவரிடம் இருந்த காலத்தில், ஒரு பக்கம் நட்சத்திரமும் மறு பக்கம் அமர்ந்த கோலத்தில் வள்ளுவரும் பொறித்த பொற்காசு அச்சிடப்பட்டது. புழக்கத்துக்கு வராமலே போன அந்தக் காசை 1990களில் ஆராய்ந்து அதிலிருப்பவர் வள்ளுவர் என்று எடுத்துக்காட்டியவர் ஐராவதம் மகாதேவன். குடையின்கீழ் அமர்ந்த, சமண முனிவரை நினைவூட்டும் அந்த உருவத்தில் இன்று எல்லாரும் அறிந்த தாடியும் கொண்டையும் இல்லை, வாசுகியும் இல்லை.

காசைவிட முக்கியமானது கல். 1818இல் சென்னையில் குடிதண்ணீர்ப் பஞ்சம் நேர்ந்தபோது எல்லிஸ் நகரில் 27 கிணறுகள் தோண்டுவித்தார். இராயப்பேட்டைப் பெரியபாளையத்தம்மன் கோயிலில் அதைக் குறித்து அவர் வெட்டுவித்த கல்வெட்டு, பாட்டும் உரைநடையும் கலந்த தமிழில், அவரை எல்லீசன் என்று அழைத்து, நாடு என்னும் 74ஆம் அதிகாரத்தின் குறள் ஒன்றை முழுமையாக எடுத்தாள்கிறது. அக்குறள் ஒரு நாட்டின் உறுப்புகளை எண்ணுவது. அதில் முதலில் வருவது இருபுனல். புனல் என்றால் நீர். இருபுனலை நிலத்துக்கு அடியில் ஊறும் கீழ்நீர், மேலே தேங்கும் மேல்நீர் என்று பரிமேலழகர் பிரிக்கிறார். இவற்றோடு மலையும், மலையிலிருந்து வரும் ஆற்று நீரும், கோட்டையும் சேர்ந்தால் நாடு. அக்குறளின் பொருளைத் தமக்குள் ஆராய்ந்ததன் விளைவாகவே கிணறுகளைத் தோண்டியதாக எல்லிஸ் சொல்லிக்கொள்கிறார். கோட்டையைக் கம்பெனி எப்போதோ கட்டி முடித்துவிட்டது. நீரோ நூலின்படி அரணுக்கு முந்திய உறுப்பு என்று ஒரு கலெக்டர் தமிழ்க் கவிதையைச் சாட்சி வைத்துக் கல்லில் எழுதுவது, கம்பெனி ஆட்சியின் வரலாற்றில் அடிக்கடி நிகழ்ந்த செயலன்று. வரி வாங்குவது மட்டும் ஆட்சியில்லை என்பதை அவர் தம் மேலதிகாரிகளுக்குச் சொன்னாரோ, குடிகளுக்குச் சொன்னாரோ, கல்வெட்டின் மொழி தமிழாக இருப்பதால் இரண்டாவதே பொருத்தம்.

எல்லிஸின் கண் அந்த அதிகாரத்தில் ஓர் அடி கீழே இறங்கியிருந்தால் அடுத்த குறளைக் கண்டிருக்கும். பார்க்காமல் இருந்திருக்கவும் முடியாது. உறுப்புகளை எண்ணி முடித்த ஆசிரியர் அங்கே நாட்டுக்கு ஐந்து அணிகலன்களைச் சொல்கிறார்: நோயின்மை, செல்வம், விளைச்சல், இன்பம், பாதுகாப்பு. ஆட்சியைப் பற்றிய நூற்பகுதியின் நடுவே, விளைச்சலுக்கும் காவலுக்கும் இடையில், இன்பம் ஒரு நாட்டின் கணக்கில் வரவாக எழுதப்படுகிறது. பூட்டான் நாடு மொத்த தேசிய மகிழ்ச்சி என்ற அளவைப் பேசத் தொடங்கியது 1970களில்தான் என்பதை எண்ணினால் இந்தப் பட்டியலின் பழமை வியப்பளிக்கும். உறுப்பு இல்லாமல் உடல் இல்லை, அணி இல்லாமலும் உடல் உண்டு. ஆகவே எந்த அரசும் உறுப்பில் நின்றுகொண்டு அணியை நாளைக்கு ஒத்திப்போட வழி இருக்கிறது. எல்லிஸும் நீரோடு நின்றார்.

குறளுக்கு அவர் எழுதிய ஆங்கில மொழிபெயர்ப்பும் விளக்கமும் அறத்துப்பாலின் முற்பகுதியைத் தாண்டவில்லை. 1819இல் இராமநாதபுரத்தில் தவறுதலாக நஞ்சு உட்கொண்டு அவர் இறந்தபின், அவர் விட்டுச்சென்ற தாள்களில் பெரும்பகுதி மதுரையில் ஒரு துரை வீட்டுச் சமையலறையில் மாதக்கணக்காக அடுப்புப் பற்றவைக்கப் பயன்பட்டதாகச் சர் வால்டர் எலியட் பதிவு செய்திருக்கிறார். சென்னையில் அவர் பெயரைத் தாங்கி நிற்பது எல்லிஸ் ரோடு. அங்கே கடை வைத்திருப்பவர்களுள் அவர் யாரென்று அறிந்தவர் எத்தனை பேர் என்பது வேறு கதை.

எல்லிஸுக்குக் குறள் சுவடி போய்ச் சேர்ந்த வழியைப் பற்றி ஒரு குடும்ப நினைவு உண்டு. ஆரிங்டன் என்ற வெள்ளை அதிகாரியிடம் பட்லராக இருந்த கந்தப்பன், தம் வீட்டில் இருந்த ஏட்டுச் சுவடியைக் கொடுத்தார் என்று அவருடைய பேரன் எழுதினார். அந்தப் பேரன் பண்டித அயோத்திதாசர். நூல் 1812இல் சென்னையில் தஞ்சை ஞானப்பிரகாசனால் முதன்முதலில் அச்சேறியது என்பது நூல் முகப்பே தரும் செய்தி. ஏடு காத்த குடும்பங்களின் பெயர்கள் முகப்பில் இடம்பெறுவதில்லை, பேரன்மார்தாம் எழுதிவைக்க வேண்டும். தந்தை வழியில் வந்த அறிவுச் செல்வம் என்ற சொல்லுக்குத் தீண்டாமைக்கு ஆட்பட்ட ஒரு குடும்பத்தில் இப்படியும் ஒரு பொருள் இருந்தது. அயோத்திதாசர் 1898இல், அடையாற்றில் 1882 முதல் தலைமையகம் கொண்டிருந்த பிரம்மஞான சபையின் ஆல்காட்டின் துணையோடு கொழும்பு சென்று பௌத்தம் தழுவி, இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907இல் அங்கிருந்தே ஒரு பைசாத் தமிழன் என்ற இதழைத் தொடங்கினார். குறளைத் திரிக்குறள் என்று பெயரிட்டு, பௌத்தரின் திரிபிடகத்தோடு இணைத்து அவர் எழுதிய உரையை ஆய்வாளர்கள் ஏற்பதும் மறுப்பதும் ஒருபுறமிருக்க, நூலுக்கு உரிமை கோரும் குரல் அரசின் அலுவலகத்திலிருந்தல்லாமல் தெருவிலிருந்து எழுந்ததற்கு அது முதல் சான்றுகளுள் ஒன்று. அதே ஆல்காட் 1894இல் அடையாற்றுப் பக்கம் ஊரூரில் ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கியதையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம். பிள்ளையை அவையில் முந்தியிருக்கச் செய்யத் தந்தைக்கு வழியே இல்லாத இடத்தில் அந்தக் கடமையை வேறொருவர் ஏற்றுக்கொண்டார்.

இன்பத்துப்பால் இந்த வரலாறு முழுவதிலும் சங்கடமான விருந்தாளியாகவே இருந்துவந்தது. வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் இலத்தீனில் பெயர்த்தபோது முதல் இரண்டு பால்களோடு நின்றார். பாதிரியார் என்பதால் அதைப் புரிந்துகொள்வது எளிது. ஆனால் 1930களில் இராஜாஜி ஆங்கிலத்தில் வெளியிட்ட தேர்ந்தெடுத்த குறள்களும் முதல் இரண்டு பால்களிலிருந்தே எடுக்கப்பட்டவை. இல்லறத்தில் இருந்து, பிள்ளைகளை வளர்த்து, இரு முறை சென்னை ஆட்சியையும் ஒரு முறை நாட்டின் தலைமை ஆளுநர் பதவியையும் வகித்த ஒருவர், பிற்காலத்தில் தியாகராய நகர் பஸ்லுல்லா ரோட்டில் வாழ்ந்த ஒருவர், அரசியலுக்கும் அறத்துக்கும் வள்ளுவர் போதும் என்று கருதியதில் ஒரு தலைமுறையின் மனநிலையே தெரிகிறது. 1886இல் ஜி. யு. போப்பும் 1916இல் வ. வே. சு. ஐயரும் மூன்று பால்களையும் பெயர்த்திருந்தனர் என்பதால், வழியில்லாமல் விடப்பட்ட பகுதி என்று அதைச் சொல்ல முடியாது.

தியாகராய நகர் என்ற ஊரே அரசு தன் குடிகளின் நல்வாழ்வைத் திட்டமிட்டுக் கட்டமுடியும் என்ற நம்பிக்கையின் விளைவு. நீதிக் கட்சி 1920 டிசம்பரில் ஆட்சிக்கு வந்தது. 1920ஆம் ஆண்டின் நகரமைப்புச் சட்டத்தைக் கொண்டு, பனகல் அரசர் முதலமைச்சராக இருந்த 1921 முதல் 1926 வரையிலான காலத்தில், மாம்பலத்தில் அகன்ற தெருக்களும் நடுவே பூங்காவும் உள்ள குடியிருப்பு உருவாயிற்று. கட்சியின் தூணும் சென்னை மாநகராட்சித் தலைவருமாக இருந்து 1925இல் மறைந்த பிட்டி தியாகராயரின் பெயர் ஊருக்கும், பனகலின் பெயர் பூங்காவுக்கும், உஸ்மான், ஜி. என். செட்டி, தணிகாசலம் முதலியோர் பெயர்கள் சாலைகளுக்கும் வைக்கப்பட்டன, டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டிய நாடாரின் பெயர் மட்டும் மக்கள் வாயில் பாண்டி பஜாராகச் சுருங்கியது. பட்டுப்புடவைக்கும் நகைக்கும் இன்று தமிழகம் முழுவதும் வந்து குவியும் அந்தத் தெருக்களுக்கு அடியில் இருப்பது ஏரி. நுங்கம்பாக்கம் முதல் மாம்பலம் வரை நீண்டு, மயிலாப்பூருக்கும் மேற்கே இருந்த ஊர்களுக்கும் இடையே கிடந்த அந்த நீர்ப்பரப்பை ஐரோப்பியர் நீள ஏரி என்ற பொருளில் லாங் டேங்க் என்றனர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதில் படகுப் போட்டிகூட நடத்தினர். அதன் மாம்பலப் பகுதியை வடித்துத் தூர்த்து எழுந்ததுதான் தியாகராய நகர். நூறாண்டுக்கு முன் எல்லிஸ் கல்லில் எழுதிவைத்த இருபுனலில் மேல்நீர் இவ்வாறு வீட்டு மனையாயிற்று. மனை வாங்கியவர்கள் ஒவ்வொரு வீட்டிலும் கிணறு தோண்டிக்கொண்டதால் கீழ்நீர் மட்டும் சில காலம் கைகொடுத்தது.

விடுதலைக்குப் பின் வள்ளுவர் மீண்டும் அரசியலுக்குள் வந்தது மேடை வழியாக. 1935 மே மாதம் மறைமலையடிகள் தலைமையில் சென்னையில் நடந்த திருவள்ளுவர் திருநாளும், 1949 ஜனவரியில் ஈ. வெ. ராமசாமி சென்னையில் கூட்டிய திருக்குறள் மாநாடும் அதற்குப் பாதை அமைத்தன. அந்த மாநாட்டைக் கூட்டியவர் பெரியார், தந்தை பெரியார் என்று அழைக்கப்பட்டார். அவரிடமிருந்து பிரிந்து 1967இல் ஆட்சியைப் பிடித்தவர் தொண்டர்களைத் தம்பி என்று விளித்துக் கடிதம் எழுதி அண்ணா ஆனார். பின்னர் வந்த ஒரு முதலமைச்சர் அம்மா ஆனார். ஆள்பவரை உறவுமுறை சொல்லி அழைக்கும் வழக்கம் இவ்வளவு ஆழமாக வேரூன்றிய நாட்டில், அரசனை மழையென்றும் உழவனென்றும் சொல்லித் தந்தையென்று சொல்லாத நூலின் ஆசிரியர் எல்லா அரசு அலுவலகச் சுவரிலும் படமாகத் தொங்குவது வேடிக்கையான பொருத்தம். அந்தப் படம் கே. ஆர். வேணுகோபால் சர்மா வரைந்தது. தாடியும் முடித்த கொண்டையும் வெண்ணாடையும் கையில் ஏடும் எழுத்தாணியும் கொண்ட அது, 1964இல் குடியரசுத் துணைத்தலைவர் ஜாகிர் உசேனால் சட்டப்பேரவையில் திறந்துவைக்கப்பட்டது. மகனை அவையில் முந்தியிருக்கச் செய்யச் சொன்னவரே கடைசியில் அவையில் எல்லாருக்கும் மேலே இருத்தப்பட்டார். அண்ணாதுரை அமைச்சரவையில் போக்குவரத்தையும் கவனித்த மு. கருணாநிதி காலத்தில் குறள் அரசுப் பேருந்துக்குள் ஏறியது. 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது மெரினாவில் நிறுவப்பட்ட பத்துச் சிலைகளில் வள்ளுவரும், அவரைப் பெயர்த்த வீரமாமுனிவரும் போப்பும் நின்றனர், எல்லிஸ் நிற்கவில்லை.

இவை யாவற்றின் உச்சம் நுங்கம்பாக்கம் வள்ளுவர் கோட்டம். திருவாரூர்த் தேரைப் போலக் கல்லில் அமைத்த தேரும், பெரும் அரங்கும், 1330 குறட்பாக்களையும் செதுக்கிய குறள் மணிமாடமும் கொண்ட அதை வை. கணபதி ஸ்தபதி வடிவமைத்தார். கட்டுவித்த கருணாநிதியின் ஆட்சி நெருக்கடிநிலையின்போது 1976 ஜனவரி 31 அன்று கலைக்கப்பட, அந்த ஏப்ரலில் குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது திறந்துவைத்தார். கொடுங்கோன்மை அதிகாரத்தின் பத்துக் குறள்களும் அப்போது மாடத்தில் புதுக் கல்லாக மின்னிக்கொண்டிருந்தன. தேர்ந்தெடுக்காமல் எல்லாவற்றையும் செதுக்க வேண்டியிருந்ததால் இன்பத்துப்பாலின் 250 குறள்களுக்கும் அங்கே இடம் கிடைத்தது. எல்லிஸ் எடுத்தாண்ட குறளும் அவர் எடுக்காத அடுத்த குறளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. கோட்டம் நிற்கும் நிலம் நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடம், நீள ஏரியின் வடக்கு நுனி. அருகில் டேங்க் பண்ட் ரோடு, அதாவது ஏரிக்கரைச் சாலை, அந்தப் பெயரோடே இருக்கிறது; மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடும் இருக்கிறது, அங்கிருந்து பார்த்தால் வீடுகள் தெரிகின்றன.